வலிக்கும் பாதமும் வலிக்காத பாதமும்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, செவிலியப் பிரிவு மாணவியர்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அந்தச் சிரசையும் சேர்த்து எண்சாண் உடம்பையும் காலை முதல் இரவு வரை சுமந்து திரிவது எது? ஏறக்குறைய ஒரு சாண் நீளமே உள்ள நம் பாதம்தான். முகத்துக்குக் கண்ணாடி, கூந்தலுக்கு எண்ணெயும் சீப்பும், கைக்கு வளையல் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் நேரம் ஒதுக்குகிறோம். பாதத்துக்கு என்ன செய்கிறோம்? குளிக்கும்போது மேலிருந்து வழியும் சோப்பு நீர் அதன்மேல் விழுந்தால் அதுவே அதற்குக் குளியல். கொலுசு அணிவதுண்டு, அதுவும் பாதத்துக்காக அல்ல, ஓசைக்காக. (பள்ளிக்குள் அதற்கும் அனுமதி இல்லை என்பது தோழியர் யாவரும் அறிந்ததே!)

செவிலியப் பிரிவில் பயிலும் நாங்கள் பயிற்சிக்காக அரசு மருத்துவமனைக்குச் செல்வதுண்டு. அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் சிறிது நேரம் நின்றாலே பாதத்தின் அருமை தெரிந்துவிடும். கட்டைவிரல் நகம் சதைக்குள் ஏறிய கல்லூரி மாணவர் ஒருவர், கட்டைப் பிரிப்பதற்கு முன்பே "மெதுவா, மெதுவா சிஸ்டர்" என்று கண்ணை மூடிக்கொள்வார். அடுத்த பெஞ்சில் பெரியவர் ஒருவர், உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு குழிப்புண்ணுடன், செய்தித்தாள் படித்துக்கொண்டே காலை நீட்டுவார். முகத்தில் சிறு சுளிப்புக்கூட இராது. பார்ப்பவர்கள் அவரைத் தைரியசாலி என்பார்கள். "சத்தம் போடுற காலைப் பத்தி எனக்குக் கவலை இல்லைம்மா. சும்மா இருக்கே, இந்தக் கால்தான் கவலை" என்றார் எங்களுக்குப் பயிற்சி தரும் மூத்த செவிலியர். அந்தச் சொல்லை அடிப்படையாக வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். வலிக்கும் பாதங்களை முதலில் பார்ப்போம். நம் வயதினருக்கு வருபவை பெரும்பாலும் அவையே.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரண்டுக்கும் சேர்த்து 52. உடம்பில் உள்ள மொத்த எலும்புகள் 206 என்பதை நினைத்துப் பார்த்தால், அவற்றில் நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேயே இருப்பது விளங்கும். இவை பாலத்தின் வளைவைப் போல் அமைந்து நார்களால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஈரக்காலுடன் சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். சுவட்டின் உட்புறத்தில் ஈரம் பதியாத இடம் ஒன்று தெரியும். அதுவே அந்த வளைவு. சிலருக்கு முழுப் பாதமும் பதியும். அதைத் தட்டைப்பாதம் என்பர். வலி இல்லாவிட்டால் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை, அஞ்ச வேண்டாம்.

உள்ளங்கால் தோலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் தோலுக்கு மெருகு தரும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்காலில் இல்லை. ஆனால் வியர்வைச் சுரப்பிகளோ ஏராளம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதத்தின் பாதித் தொல்லைகளுக்குக் காரணம் புரிந்துவிடும். எண்ணெய் இல்லாமையால் குதிகால் காய்ந்து வெடிக்கிறது. வியர்வை மிகுதியால் விரலிடுக்கு ஊறிப் புண்ணாகிறது. ஒரே பாதத்தில் ஒரு முனையில் வறட்சி, மறுமுனையில் வெள்ளம்!

முதலில் வெடிப்பு. உடம்பில் பித்தம் ஏறியதால் வருவது என்று எண்ணி இதற்குப் பித்த வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டோம். மருத்துவர்கள் கூறும் காரணம் வேறு. நிற்கும்போது உடம்பின் பாரத்தால் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்குகிறது. தோல் ஈரப்பசையுடன் மெத்தென்று இருந்தால் அதனுடன் சேர்ந்து விரியும். காய்ந்து தடித்துப்போன தோல் விரிய மாட்டாது. ஏரி வற்றிய வண்டல் போல் பிளக்கும். குதிகால் திறந்த செருப்பு, கல் தரையில் நெடுநேரம் நிற்பது, சோப்பு நீரில் அடிக்கடி கால் நனைவது, மார்கழிப் பனி ஆகியவை அதற்கு உதவி செய்யும். வீட்டில் யாருக்கு வெடிப்பு அதிகம் என்று பாருங்கள். பெரும்பாலும் அம்மாவுக்கே இருக்கும். அடுப்படியிலும் துணி துவைக்கும் இடத்திலும் அதிக நேரம் நிற்பவர் அவர்தாமே!

இதற்குச் செலவு அதிகம் இல்லை, பொறுமைதான் வேண்டும். படுக்கப் போகுமுன் வெதுவெதுப்பான நீரில் 10 அல்லது 15 நிமிடம் காலை ஊறவிட வேண்டும். பிறகு பாதம் தேய்க்கும் கல்லால் தடித்த தோலை மெல்லத் தேய்க்கலாம். துவைக்கும் கல்லில் குதிகாலை உரசிய நம் பாட்டிமார் செய்ததும் இதுவே. பின்னர் துடைத்துவிட்டு, ஈரம் முழுவதும் உலர்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, பழைய பருத்திக் காலுறையைப் போட்டுக்கொண்டு படுக்கலாம். "ஈரம் உலர்வதற்குள்" என்பதுதான் இதில் முக்கியம். எண்ணெய் தோலுக்கு ஈரத்தைத் தருவதில்லை. உள்ளே ஊறிய ஈரம் வெளியேறாமல் மூடி போடுகிறது. காய்ந்த காலில் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் காலிப் பானைக்கு மூடி போட்ட கதைதான். "நானும் தினம் எண்ணெய் தடவுகிறேன், போகவில்லையே" என்று சொல்பவர்கள் இந்த வரிசையில் இரண்டு மூன்று வாரம் செய்து பார்க்கட்டும். மிகவும் தடித்த தோலுக்கு யூரியாவோ சாலிசிலிக் அமிலமோ கலந்த களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். மெழுகை எண்ணெயுடன் உருக்கி வெடிப்பில் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதுவும் மூடியின் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் சூடு ஆறுவதற்குள் ஊற்றிச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு; வாசலின் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? பிளேடால் செதுக்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். இரத்தம் கசிந்தாலும், சுற்றிலும் சிவந்து வீங்கினாலும், அரிப்புடன் செதில் செதிலாக உரிந்தாலும் அது வெறும் வெடிப்பு அன்று. மருத்துவர் பார்க்க வேண்டியது.

இனி மறுமுனையில் உள்ள வெள்ளத்தைக் காண்போம். சேற்றுப்புண் என்ற பெயரே அது யாருக்கு வரும் என்பதைச் சொல்லிவிடுகிறது. நாள் முழுவதும் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்களுக்கு இது வேலையோடு வரும் கூலி. ஆனால் சேற்றில் இறங்காத நமக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த காலுறையுடன் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோமே, அந்தக் காலுறைக்குள் இருப்பதும் ஒரு சிறு வயல்தான். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து ஊறி, உரிந்து, அரிக்கும், நாற்றமும் உண்டாகும். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை இனமே பெரும்பாலும் இதற்கும் காரணம்.

வயலில் இறங்கும் பெண்கள் மருதாணி இலையை அரைத்து அப்பிக்கொள்வர். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுவர். அவை தரும் ஆறுதலை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தாமல் எதைத் தடவியும் பயனில்லை. கால் கழுவியதும் ஒவ்வோர் இடுக்கிலும் மெல்லிய துணியை விட்டு ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பிறகே மருந்து. க்ளோட்ரிமசோல், டெர்பினஃபின் போன்ற பூஞ்சைக் கொல்லிக் களிம்புகள் இதற்கு நன்கு வேலை செய்கின்றன. ஆனால் அரிப்பு நின்றதும் நம்மில் பலர் குழாயை மூடி வைத்துவிடுகிறோம். அரிப்பு நின்றாலும் பூஞ்சை ஒழிந்துவிடவில்லை. மருத்துவர் சொன்ன நாள்வரை, அதாவது தோல் பழைய நிலைக்கு வந்த பின்னும் ஓரிரு வாரம், தடவி முடிக்க வேண்டும்.

மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட் குடுங்க" என்று கேட்டு வாங்குவதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அப்படிக் கிடைக்கும் குழாய்கள் சிலவற்றில் பூஞ்சை மருந்துடன் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் மறையும். ஆகா, நல்ல மருந்து என்போம். உண்மையில் ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுவதால் பூஞ்சை அமைதியாக வேர்விட்டுப் பரவுகிறது. எளிதில் தீர வேண்டிய நோய் மாதக்கணக்கில் நீடிக்கிறது. இதனால்தான் 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

விரலிடுக்குப் புண்ணைச் சிறிது என்று எண்ணுவதற்கில்லை. அது ஒரு திறந்த வாசல். ஆனைக்கால் நோய் கொசுவால் பரவுகிறது என்பது நாம் படித்ததே. ஆனால் வீங்கிய காலை மேலும் மேலும் பெருக்க வைப்பது எது? விரலிடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாக்கள். அவை நுழையும் ஒவ்வொரு முறையும் குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து, வீக்கம் ஒரு படி ஏறுகிறது. ஆகவே ஆனைக்கால் உள்ளவர்களுக்குத் தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்குகளை உலர்த்தி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்ளக் கற்றுத் தருகிறார்கள். இதையும் சிகிச்சையாகவே சொல்கிறார்கள்.

கால் ஆணியைப் பற்றி எங்களிடம் கேட்காத அத்தை, சித்தி இல்லை. "ஆணியை வேரோடு பிடுங்க வேண்டும்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆணிக்கு வேர் கிடையாது. தோலின் ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டால் தற்காப்புக்காக அது தடிக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்குபவர் கையில் காய்ப்பு ஏற்படுவதும் இப்படித்தான். அழுத்தம் ஒரு புள்ளியில் குவிந்தால் அந்தத் தடிப்பு கூம்பு வடிவில் உள்நோக்கிக் குத்துகிறது. ஆகவே செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் வெட்டினால் சில வாரத்தில் அது திரும்ப வந்து நிற்கும். உடனே "வேர் உள்ளேயே இருந்துவிட்டது" என்போம். அழுத்தத்தை நீக்குவதே முதல் மருத்துவம். ஊறவைத்துத் தேய்ப்பதும், மருந்துக் கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலப் பிளாஸ்திரியும் அதற்குத் துணை. அந்த அமிலம் ஆணி எது, நல்ல சதை எது என்று பிரித்தறியாது. சரியாக ஆணியின் மேல் மட்டும் ஒட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. ஏன் என்பது பின்னால் வரும்.

ஆணியைப் போலவே தோன்றும் இன்னொன்று உள்ளங்கால் மரு. இது வைரஸால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மேலிருந்து நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இரு விரலால் பக்கவாட்டில் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. உள்ளங்கால் ரேகைகள் ஆணியின் மீது தொடர்ந்து செல்லும். மருவை ஒட்டி விலகிச் செல்லும். மருவில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகளும் தெரியலாம்; அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். சிறுவர்களுக்கு வரும் மரு பெரும்பாலும் தானே மறைந்துவிடும். தொல்லை தந்தால் சாலிசிலிக் அமிலமோ, திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையோ உண்டு.

நகம் சதைக்குள் ஏறுவது பெரும்பாலும் கட்டைவிரலில்தான். காரணம் நம் கையில் இருக்கும் நகவெட்டியே. கைவிரல் நகத்தைப் போல் கால் நகத்தையும் பிறை வடிவில் ஓரம் வரை வளைத்து வெட்டுகிறோம். ஓரத்தில் விட்டுப்போன கூர்மையான துணுக்கு, நகம் வளரும்போது ஊசிபோல் சதையைக் குத்துகிறது. அதன்மேல் இறுக்கமான ஷூவும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. கால் நகத்தை நேராக வெட்டுங்கள்; மூலைகளை விட்டுவிடுங்கள். ஆரம்ப நிலையில் வெதுவெதுப்பான உப்பு நீரில் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஊறவிட்டு, விரல் திறந்த செருப்பைப் போட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். சீழ் வைத்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டும் வைத்தியம் போதாது. மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து நகத்தின் அந்த ஓரப் பட்டையை மட்டும் எடுத்துவிடுவார். முழு நகத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து பல மாதம் நொண்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு இருக்கும்.

காலணியைப் பற்றி ஒரு சொல். ஜூன் மாதத்தில் "இரண்டு வருடம் வரட்டும்" என்று ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்குகிறோம். முதல் வருடம் அது கால் முழுவதும் உரசிக் கொப்புளம் போடும், இரண்டாம் வருடக் கடைசியில் விரல்களை நெரிக்கும். நடுவில் சில மாதங்களே சரியாக இருக்கும்! மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது போய், இரண்டு காலிலும் போட்டு, நின்று பார்த்து, நீளமான விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குவது நல்லது. கூர்முனைக் காலணிகளை ஆண்டுக்கணக்கில் அணிவோரில் சிலருக்குக் கட்டைவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துவிடும். பரம்பரையும் இதற்கு ஒரு காரணம். புடைத்தபின் அதை நேராக்க அறுவைச் சிகிச்சை தவிர வேறு வழி இல்லை. அகலமான செருப்பு வலியை மட்டும் குறைக்கும்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்தாற்போல் வலித்து, பத்து அடி நடந்ததும் குறைகிறதா? உள்ளங்கால் வளைவைத் தாங்கும் நாண் நைந்திருக்கிறது என்று பொருள். நாள் முழுவதும் நின்று பாடம் நடத்தும் நம் ஆசிரியைகளில் சிலர் இதை நன்கு அறிவர். எக்ஸ்ரேயில் எலும்பு முள்போல் வளர்ந்திருப்பது தெரிந்தால் அதையே காரணமாக எண்ணிப் பயப்படுவார்கள். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் உண்டு. கெண்டைக்கால் தசையையும் உள்ளங்காலையும் நீட்டும் எளிய பயிற்சி, மெத்தென்ற காலணி, உடல் எடையைக் குறைத்தல் ஆகியவற்றாலேயே பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், அதிகம் போனால் ஓராண்டில், குணமாகிவிடுகிறது.

வெறுங்காலுடன் நடப்பதற்கும் நம் சோர்வுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. மலம் கலந்த ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் உள்ளங்கால் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, கடைசியில் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகை நம் போன்ற பெண்களுக்கு ஏற்கெனவே எளிதில் வருவது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை தருவது இதற்காகவே. அதை மென்று விழுங்குவதுபோல் பாவனை செய்துவிட்டுத் துப்பும் தோழியர் இதைப் படிக்கட்டும். முள்ளோ துருப்பிடித்த ஆணியோ குத்தினால் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசி இரணஜன்னியைத் தடுக்கவே.

இதுவரை கண்டவை எல்லாம் வலிப்பவை, அல்லது அரிப்பவை. வலி வந்ததால் நாம் காலைப் பார்த்தோம், பார்த்ததால் குணமானது. வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் என்னும் அவர் ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் அங்கே பிறந்து, இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சை கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் சதையை அழுகச் செய்து விரல்களை உதிர்க்கிறது என்றே பலரும் நம்பினர். நோயாளிகளைப் பொறுமையாகக் கவனித்த அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறொன்றைக் கண்டனர். நோய் தாக்குவது நரம்பை; நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார். செருப்பினுள் கிடக்கும் கல்லின்மீது நாள் முழுவதும் நடப்பார். இரவில் எலி விரலைக் கடித்தாலும் விழிக்க மாட்டார். விரல்களை அழித்தவை இத்தகைய சிறு காயங்களே. ஓய்வு கொடுத்தால், மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை நீக்கினால், அதே பாதப்புண் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது.

ஆகவே மருந்துடன் செருப்பும் சிகிச்சையாயிற்று. வேலூரிலும் அருகிலுள்ள காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உணர்ச்சியற்ற கால்களுக்கென்று, சின்னஞ்சிறு காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரால் செருப்புகள் செய்தனர். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவமனைகளில் சொல்வது அந்த ரப்பரால் ஆனதே. மேலே மெத்தை, கீழே முள் ஏறாத கனத்த அடிப்பாகம். ஆணி அடிக்காமல் ஒட்டியது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்பட்டது. தொழுநோய் இன்று 6 மாதமோ 12 மாதமோ இலவசமாகத் தரப்படும் மாத்திரைகளால் முழுவதும் குணமாகிறது. உடம்பில் வெளிறிய தேமல் தோன்றி அங்கே தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் மறைக்காமல் காட்டுவது ஒன்றே நாம் செய்ய வேண்டியது.

வலிக்காத பாதங்களை இன்று நாம் அதிகமாகக் காண்பது சர்க்கரை நோயாளிகளிடமே. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நம் வகுப்பில் எழுந்து நின்று கேட்டால், வீட்டில் ஒருவருக்காவது இல்லாத மாணவி இருப்பாரா என்பது சந்தேகமே. பல ஆண்டுகள் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் கால் நரம்புகள் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மரத்துக்கொண்டே வரும். இரத்தக் குழாய்களும் சுருங்கும். ஆகவே காயம் பட்டது தெரியாது; தெரிந்தபின் எளிதில் ஆறாது. முன்னே சொன்ன ஆணிப் பிளாஸ்திரியை அவர்கள் ஒட்டக் கூடாது என்றதன் காரணம் இதுதான். அமிலம் நல்ல சதையை அரிப்பதை அந்தக் கால் அவர்களுக்குச் சொல்லாது. அவர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலுடன் நடக்கவும் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலுடன் நடப்பதாக நேர்ந்துகொண்ட தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், பங்குத் தந்தையிடம் சொல்லி அதை வேறு நேர்ச்சையாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. நீங்களே அழைத்துச் செல்லலாம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, செருப்பில் ஏறியிருந்த பலகை ஊசியுடன் மூன்று நாள் நடந்திருக்கிறார். கடைக்குப் போனார், கோயிலுக்குப் போனார், ரேஷன் வரிசையில் நின்றார். வீடு கூட்டும்போது தரையில் வட்டமாக இரத்தப் பொட்டுகள் இருப்பதைப் பார்த்துவிட்டு இவள்தான் "ஆச்சி, காலைக் காட்டுங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி, நீ படிக்கிற வேலையைப் பாரு" என்றாராம் ஆச்சி. காட்ட வைப்பதற்குள் பெரும்பாடு ஆயிற்று. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனதால் ஐந்து வாரக் கட்டுடன் ஆறியது. இன்னும் ஒரு வாரம் சென்றிருந்தால் விரலை எடுக்க நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். விரலோடு நிற்காமல் முழங்கால் வரை போனவர்களையும் அந்தக் கட்டுப் போடும் அறையில் நாங்கள் பார்க்கிறோம்.

பெரியவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடிவதில்லை. கண் பார்வையும் குறைவு. ஆகவே வீட்டில் சர்க்கரை நோயுள்ளவரின் பாதங்களைப் பார்க்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச் விளக்குடன் இரண்டு நிமிடம் போதும். விரலிடுக்குகளில் வெண்மை, உள்ளங்காலில் சிவப்பு, கொப்புளம், ஆணியின் அடியில் கறுத்த நிறம், ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருப்பது, காலுறையில் கறை, இவற்றில் எது இருந்தாலும் மறுநாளே காட்ட வேண்டும். எண்ணெய் தடவலாம், ஆனால் விரலிடுக்கில் வேண்டாம். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் அந்த இழையும் தேவையில்லை. நம் ஆள்காட்டி விரலே போதும். பாட்டியைக் காலுறையின்றிப் படுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். வலக்கால் கட்டைவிரல் நுனி, வலக்கால் சுண்டுவிரல், இடக்கால் கட்டைவிரல், இடக்கால் சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு இடத்தில் இறகு படுவதுபோல் ஒரு விநாடி, அதிகம் போனால் இரண்டு விநாடி, தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, பதில் வரவில்லை என்று மறுமுறை தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், புண் எதுவும் இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் சென்று, "காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, பாதத்தைப் பரிசோதியுங்கள்" என்று சொல்லுங்கள். போகும்போது பாட்டி வழக்கமாகப் போடும் செருப்பையே போட்டுக்கொள்ளட்டும். மருத்துவர் அதையும் பார்க்க வேண்டும்.